பிளான்ட் நியூரோபயாலஜி: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களே,
கல்லூரி முதலாண்டுப் பாடநூலுக்காக பிளான்ட் நியூரோபயாலஜி பற்றிய ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்க்கிறேன். செடிகள் சூழலை எப்படி உணர்ந்து செயல்படுகின்றன என்று ஆராயும் துறை அது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் வரைவில் தலைப்பு 'தாவர நரம்பியல்' என்று இருக்கிறது. வலைப்பின்னல் நரம்பமைவு, இணைப்போக்கு நரம்பமைவு என்றெல்லாம் பள்ளியில் படித்து வருகிற பிள்ளைகள் இதை இலை நரம்பைப் பற்றிய பாடம் என்றுதான் நினைப்பார்கள். வேறு சொல் வேண்டும்.

*

'நரம்பு' என்ற சொல்லைக் கைவிட வேறு காரணமும் உண்டு. 2006-ல் இந்த ஆங்கிலப் பெயரை முன்வைத்துக் கட்டுரை வந்தது. மறு ஆண்டே 36 ஆய்வாளர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்: செடிக்கு நியூரானும் இல்லை, மூளையும் இல்லை. இத்துறையின் சங்கமும் 2009-ல் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. அதைத் தமிழில் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

'புல்லும் மரனும் ஓரறி வினவே' என்கிறது தொல்காப்பியம். அந்த ஓரறிவு உற்றறிவு. தாவரமும் ஸ்தாவரம் என்ற வடசொல்லின் திரிபுதான்; அதற்குத் தமிழ்ச் சொல் நிலைத்திணை. ஆகவே 'நிலைத்திணை உற்றறிவியல்'.

*

ஐயா, உற்றறிவு என்பது தொடுவுணர்வு. தொட்டாற்சிணுங்கிக்குச் சரி. கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியின் நாற்று தக்காளிச் செடியின் மணத்தை நோக்கி வளர்கிறதே? மூக்கு சேர்ந்தால் தொல்காப்பியக் கணக்கில் அது மூவறிவு, எறும்பின் வரிசை. ஒளியை உணர்வதையும் சேர்த்தால் இன்னும் மேலே போகும். பழைய வகைப்பாட்டைத் தாண்டிப்போகும் துறைக்கு அந்த வகைப்பாட்டிலிருந்தே பெயர் எடுப்பது பொருந்தாது.

நிலைத்திணையும் வேண்டாம். 1880-ல் டார்வின் செடிகளின் அசைவைப் பற்றித் தனி நூலே எழுதினார். வேர்நுனி கீழ்நிலை விலங்கின் மூளைபோல் செயல்படுகிறது என்று அதை முடித்தார். அசைவில் தொடங்கிய ஆய்வுக்கு 'நிலை' எப்படிப் பொருந்தும்? அறிதல், நினைவு, சிந்தனை ஆகியவற்றைக் குறிக்க உளவியலில் 'அறிகை' ஏற்கெனவே புழங்குகிறது. 'தாவர அறிகையியல்' என்போம்.

*

நிலைத்திணையில் நிலை என்பது இடம்பெயராமை. அசையாமை அல்ல. வளர்வதும் வளைவதும் நின்ற இடத்தில்தானே? தாவரம் பழகிவிட்டது என்பதற்காக நல்ல சொல்லைத் தள்ளினால், எந்தத் தமிழ்ச் சொல்லும் பழக்கத்துக்கு வராது.

*

நிலைத்திணையைத் தனி இழையில் பேசலாமே. அறிகையில்தான் எனக்குத் தயக்கம். வீனஸ் பூச்சிப்பொறி என்ற பூச்சியுண்ணும் செடியின் உணர்மயிரை ஒருமுறை தொட்டால் இலை மூடாது. ஏறத்தாழ 20 விநாடிக்குள் மறுபடி தொட்டால் மூடும். முதல் தொடுகை ஏதோ ஒரு வகையில் பதிவாகி இருக்கிறது. அது நினைவா, தூண்டலுக்கான வெறும் துலங்கலா? ஆய்வாளர்களே வாதாடிக்கொண்டிருக்கும்போது 'அறிகை' என்ற சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'தாவர உணர்வியல்' போதும். மாணவருக்கும் உடனே புரியும்.

*

சரி, நேரமில்லை. பலரும் உணர்வியலுக்கு இசைவதால் அதையே போடுகிறேன். அடிக்குறிப்பில் அறிகையியல், உற்றறிவியல் இரண்டும் வரும்.

*

போடுங்கள், ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். உணர்வு என்றதும் மாணவர் மனத்தில் மகிழ்ச்சியும் துயரமும்தான் வரும். செடிக்கு வலிக்குமா என்பது முதல் கேள்வியாக இருக்கும். அந்த அத்தியாயத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்போம்.