இங்கிலாந்தில் துக்க நிகழ்ச்சிக்குப் போனால் முதலில் என்ன சொல்வது?

லீட்ஸ் நகரில் ஒரு கிடங்கில் இரவுப் பணி. வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன். ஆளைப் பார்த்ததும் சொல்லும் முதல் சொல்லில்தான் சறுக்குகிறேன்.

முதல் வாரம் மேற்பார்வையாளர் நடந்தபடியே "யூ ஆல்ரைட்?" என்றார். முகம் வாடியிருக்கிறது போலும் என்று முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கினேன்; பாதியில் பார்த்தால் மனிதர் கதவைத் தாண்டியிருந்தார். அது வெறும் வணக்கம்தானாம். இப்போது நானும் "ஆல்ரைட்" என்று திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்த "ஹவ் டூ யூ டூ"வுக்குச் சிரித்தார்கள். இரவு 10 மணிக்கு உள்ளே நுழைந்து "குட் நைட்" சொன்ன பிறகுதான் அது விடைபெறும் சொல் என்று தெரிந்தது.

வரும் வெள்ளிக்கிழமை உடன் வேலை செய்பவரின் தந்தைக்குத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. நம் ஊர்த் துக்க வீட்டில் "வாருங்கள்" என்று அவர்களும் சொல்வதில்லை, "போய் வருகிறேன்" என்று நாமும் சொல்வதில்லை. கையைப் பிடித்தால் போதும். இணையத்தில் தேடியதில் "சாரி ஃபார் யுவர் லாஸ்" கிடைத்தது. எனக்கென்னவோ அது அட்டையில் அச்சடித்த வாசகம் போல ஒலிக்கிறது.

தேவாலய வாசலில் அவர் எதிரே வந்ததும் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எது?