புதுப்பிப்பு: கிராமத்து மனையில் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டது

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் அப்பா 2014-இல் வாங்கிய இடம். வீட்டு வரைபட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வரைபடத்தை விடுங்க, முதல்ல மனையை வரன்முறைப்படுத்துங்க" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. அதாவது, அங்கீகாரமில்லாத மனைக்குக் கட்டணம் கட்டி அரசின் ஒப்புதல் வாங்குவது. 20.10.2016-க்கு முன்பே பத்திரம் பதிவாகியிருந்ததால் தகுதி இருந்தது. கட்டணம் கட்டினோம், அலைச்சலுக்குப் பிறகு ஆணை வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எதிர்பாராதது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் கட்டட அனுமதிக்கான தமிழக அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று (விவரங்கள் சரி என்று நாமே உறுதி அளிப்பது) போதுமாம். அதிகாரிகள் முன்கூட்டியே வந்து பார்க்கும் ஆய்வு கிடையாது. ஆனால் அளவுக்கு நாமே பொறுப்பு. நல்லவேளை, டேப் பிடித்துப் பார்த்தோம். பத்திரத்தில் இருப்பதைவிட மனை அரை அடி குறைவு. வரைபடத்தைத் திருத்தித்தான் ஏற்றினோம்.