954.93, பள்ளிக்கூட நூலகத்தில் இலங்கை வரலாற்றுப் புத்தகங்கள் இருக்கும் தட்டு. அதில் கை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வலிகாமம் ரீச்சர்:
2019 மே. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு யாழ். பல்கலைக்கழகத்தில் ஆமி தேடுதல் நடத்தி, மாணவர் ஒன்றிய அறையில் இருந்த பிரபாகரன் படத்துக்காகத் தலைவரையும் செயலாளரையும் பிடித்த கிழமை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் பைகளைச் சோதித்த காலம், எல்லோருக்கும் நினைவிருக்கும். அதிபர் நூலகத்துக்கு வந்தார், இருக்கவில்லை. "ரீச்சர், எப்பிடியும் பழசுகளைக் கழிக்கத்தானே வேணும். அந்தத் தட்டையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். எந்தத் தட்டு என்று நான் கேட்கவில்லை.

23 புத்தகம். 83 கலவரம், இந்திய ஆமிக்காலம், 95இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய இடப்பெயர்வு. கழிவுப் பதிவேட்டில் கடைசி நிரல் 'காரணம்'. கிழிந்தது, கறையான், பழைய பாடத்திட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றைப் போடுவதுதான் வழக்கம். இடப்பெயர்வுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்தேன். திகதித் தாளில் கடைசி முத்திரை போன வெள்ளிக்கிழமை. உள்ளே யாரோ ஒரு பெடியன் பஸ் ரிக்கற்றை அடையாளமாக வைத்திருந்தான். பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேரே நான் எழுதியது 'கறையான்'. அட்டையில் ஊசி முனை அளவு துளைகூட இல்லை. அந்த ஒரு சொல்தான் இன்னமும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற சேர்:
உங்களிடம் பதிவேடாவது இருந்தது. 96 ஏப்ரலில், இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து திரும்பிய கையோடு, புலிகள் காலத்துச் சஞ்சிகைகளை நாங்களே கிணற்றடியில் போட்டு எரித்தோம். கூரை போன கட்டடம், எல்லாம் ஈரம். எரியாமல் புகைந்தது. புகை மதிலுக்கு மேலே போனதும் சந்தியில் காவல் நின்ற ஆமிச் சென்றி எங்கள் பக்கம் திரும்பினான். காவலாளி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். பாதி எரிந்ததை உரப்பையில் கட்டி இரவில் புதைத்தோம். அவ்வளவுதான்.

ஆனால் ரீச்சர், 'கறையான்' என்று எழுதியது பிழை. கோபிக்க வேண்டாம். அதிபர் வாயால் சொல்லிவிட்டுப் போவார், கையெழுத்து உங்களுடையது. இனி இப்படி வந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பாதிப்பேர் அதிலேயே பின்வாங்குவார்கள். இரண்டாவது, தனியாகக் கழிக்காதீர்கள், மூன்று பேர் குழுவாக இருங்கள், ஒருவர் வரலாற்றுப் பாட ஆசிரியராக இருக்கட்டும். கணினிப் புத்தகம் பத்து வருடத்தில் செத்துப்போகும், அதைத் தயங்காமல் எறியலாம். நடந்ததைக் கண்டவர் எழுதியது அப்படியில்லை, வருடம் போகப் போகத்தான் அதன் பெறுமதி. மூன்றாவது, நீக்குவது வேறு, இடம் மாற்றுவது வேறு. பிரச்சினை வரும் போலிருந்தால் உசாத்துணை அலுமாரியில் பூட்டி, பதிவேட்டில் 'இடம் மாற்றப்பட்டது' என்று எழுதுங்கள். உண்மையாகவும் இருக்கும், பிறகு வருபவர் திறந்தும் விடலாம். 2005இலிருந்து நூலகம் நிறுவனத்தார் ஈழத்துப் புத்தகங்களை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒன்றையும் கழிக்க வேண்டாம். 81இல் யாழ். நூலகத்தோடு 97,000 புத்தகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு கறையான் மேல் பழி போடலாமா?

புத்தளத்திலிருந்து:
சேர், பூட்டி வைத்தாலும் பிள்ளையின் கைக்குப் போகாது, கழித்தாலும் போகாது. இதில் உண்மை என்ன, பொய் என்ன?

என் கதை சின்னது. யுத்தம் முடிந்து வாப்பாவின் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நூலகம் திருத்தியிருந்தார்கள். இதே தட்டுத்தான். இடப்பெயர்வு நடந்த 95 ஒக்டோபர் 30 பற்றி மூன்று புத்தகம் இருந்தது, எடுத்துப் பார்த்தேன், மனம் கனத்தது. அதே ஒக்டோபர் 30, ஐந்து வருடம் முந்தி, 1990இல் முஸ்லிம்களான எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள் புலிகள். அதைப் பற்றி ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். பொறுப்பாக இருந்த தங்கச்சி பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தா. பாவம், நல்ல பிள்ளை. "கழிச்ச லிஸ்ட்டிலயும் இல்லை நானா" என்றா.

ஓய்வுபெற்ற சேர்:
தம்பி சொல்வது சரி. நான் அதிபராக இருந்த ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு புத்தகம் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் பூட்டி வைப்பதும் கழிப்பதும் ஒன்று என்பதை ஏற்கமாட்டேன். பூட்டுக்குத் திறப்பு இருக்கிறது.

வலிகாமம் ரீச்சர்:
சேர், நீங்கள் சொன்ன குழு, கடிதம் எல்லாம் எனக்கும் தெரியும். அந்தக் கிழமை என்னிடம் கேட்டிருந்தால் நீங்களும் கறையான் என்றுதான் எழுதியிருப்பீர்கள். வாளித் தண்ணீர் ஊற்றிய ஆட்கள்தானே.

ஒன்று சொல்லாமல் விட்டேன். உரப்பைக்குள் போனது 22. இடப்பெயர்வுப் புத்தகம் பஸ் ரிக்கற்றோடு என் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. நூலகம் தளத்தில் தேடினேன், இல்லை. தைத்த கட்டு. ஸ்கான் செய்ய முதுகைப் பிரிக்க வேண்டுமா, பிரிக்காமல் செய்வார்களா? கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.