புதுப்பிப்பு: வால்பாறை ஒருநாள் பயணம், போய் வந்தாச்சு

பொள்ளாச்சியிலிருந்து காரில் வால்பாறை போனால், ஒரே நாளில் கொஞ்சம் நடையும் விலங்குகள் பார்ப்பதும் நடக்குமா என்று கேட்டிருந்தேன். நடக்கும். விடிந்ததுமே மலையடிவாரத்து ஆழியாறைத் தாண்டிவிடுங்கள் என்றவர்களுக்கு நன்றி.

40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ பக்கம், வரையாடுகள் தடுப்புச்சுவர் மேலேயே நின்றன. ஆனாலும் அன்றைக்குக் கதாநாயகன் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குதான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சாலைக்கு மேலே குரங்குகளுக்கென்றே கட்டிய தொங்குபாலத்தில் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு தாய் பலாச்சுளையைப் பிய்த்துக்கொண்டிருந்தது; கையெல்லாம் பிசின். குட்டி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கையையே நக்கியது. அப்போதுதான் ஒரு காரிலிருந்து பிஸ்கட் நீட்டினார்கள். வந்ததே கோபம்! இப்படிப் பழக்கித்தான் அவை சாலைக்கு இறங்கி அடிபடுகின்றன.

அப்புறம் நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை. தேயிலைக்கு நடுவே எளிதான நடை. அங்கிருந்து தெரிய வேண்டிய 2,695 மீட்டர் ஆனைமுடிச் சிகரம் மேகத்துக்குள் போய்விட்டது. ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கக் காலுறை போடச் சொன்ன புண்ணியவான் வாழ்க. யானை? வழியில் சூடான லத்தி மட்டும். அதோடு திரும்பிவிட்டோம்.

கிராஸ் ஹில்ஸ் புல்வெளி மலைகள் பற்றிக் கேட்டவருக்கு: வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.