மூணு மாச லேப் குட்டி கை, கால், சேலைனு ஒன்னையும் உடாம கடிக்குது, மேல தாவுது. என்னங்க பண்றது?

கோபி மருமகள்

வணக்கமுங்க எல்லாத்துக்கும். எங்க வூட்டுக்காரரு அவரு பிரெண்டு தோட்டத்துல இருந்து ஒரு லேப்ரடார் நாய்க்குட்டிய தூக்கிட்டு வந்து என்ற கைல குடுத்துட்டு அவரு பாட்டுக்கு வெடியால வேலைக்கு கெளம்பிடறாரு, நாள் பூரா அதுகூட மல்லுக்கட்டறது நானும் எங்க அத்தையுந்தான். குட்டிக்கு இப்பத்தான் மூணு மாசம் ஆகப்போவுது. வர்றப்ப நாப்பது நாளுகூட ஆயிருக்காது, கைக்குள்ள கம்முனு கெடந்துச்சு. இப்ப வூட்ட ரெண்டாக்குது.

கை நீட்டுனா கைய கவ்வுது, நடந்தா குதிகால கவ்வுது. அத்தை வாசல் கூட்டறப்ப சீமாத்த ஒரு பக்கம் புடிச்சுட்டு உடவே மாட்டேங்குது, அவிங்க இந்தப்பக்கம் இழுக்க அது அந்தப்பக்கம் இழுக்க, எதுத்த வூட்டுக்காரங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. சேலை முந்தி கிழிஞ்சாச்சு. யாராச்சும் வந்தா மேல தாவித்தாவி வேட்டி சட்டையெல்லாம் சேறு. பொழுதோட ஆறு ஏழு மணிக்கு என்ன கெரகமோ தெரியல, ஆசாரத்துக்கும் பொடக்காணிக்குமா சுத்திச்சுத்தி ஓடுது, அப்ப யாரு பக்கத்துல போனாலும் கடிதான்.

என்ற பையன் யூகேஜி படிக்கறான், அவன் ஓடுனாலே தொரத்திப்போயி கெண்டைக்கால்ல பல்ல வெச்சுருது. நேத்து துளி ரத்தமே வந்துருச்சு, அத்தை மஞ்சத்தூள வெச்சு உட்டாங்க. குட்டிக்கு ஊசி ஒன்னுதான் போட்ருக்குது, அடுத்தது போடோணும்.

கத்திப் பாத்துட்டேன், பேப்பர சுருட்டி தரைல தட்டிப் பாத்துட்டேன், அது வெளையாட்டுன்னு நெனச்சு இன்னும் எச்சா வருதுங்க. இது இப்புடியே வளந்தா கடிக்கற நாயா ஆயிருமோன்னு வெசனமா இருக்குது. அத்தை திருப்பி தோட்டத்துக்கே தாட்டி உடச் சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி ரெண்டுநாய்க்காரன்

தங்கச்சி, தாட்டியெல்லாம் உட வேண்டாம், நீங்க சொன்னது அத்தனையும் மூணு மாசக் குட்டி பண்ற வேலைதான். அதுக்கு கை கெடையாது, எதையும் வாயில வெச்சுத்தான் என்னன்னு பாக்கும். பால் பல்லு 28 இருக்குது, நாலு மாசத்துக்கிட்ட அது விழ ஆரம்பிச்சு ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பெரிய பல்லு வந்துரும், அதுவரைக்கும் ஈறு நமநமன்னு இருக்கும், எதையாச்சும் மென்னுக்கிட்டேதான் இருக்கும். ஒரு நாளு வூடு கூட்டறப்ப அரிசிக்கு கொஞ்சம் பெருசா ஒரு பல்லு கெடக்கும் பாருங்க, பயந்துறாதீங்க.

உங்க விசயத்துல இன்னொன்னும் இருக்குது. நாப்பது நாளுக்கு முன்னாடியே தாய்கிட்ட இருந்து பிரிச்சுட்டாங்க. குட்டிக ஒன்னுகூட ஒன்னு வெளையாடறப்ப ஒன்னு அழுத்திக் கடிச்சா மத்தது கீச்சுன்னு கத்திட்டு வெளையாட்ட உட்டுட்டு போயிரும், அப்புடித்தான் எவ்வளவு அழுத்துனா வலிக்கும்னு அது கத்துக்கும். ரெண்டு மாசமாச்சும் தாய் கூடவும் கூடப்பொறந்ததுக கூடவும் இருக்கோணும்னு சொல்றது இதுக்குத்தான். உங்க குட்டிக்கு அந்தப் பாடம் பாதிலயே நின்னுபோச்சு, மிச்சத்த நீங்கதான் நடத்தோணும்.

எப்புடின்னா, பல்லு தோல்ல பட்ட அந்த நிமிசமே வெளையாட்டு கட். கைய வெடுக்குனு இழுக்காதீங்க, இழுத்தா ஓடற பொருள தொரத்தற புத்தில இன்னும் கவ்வும். கைய அப்புடியே அசையாம வெச்சு, அது உட்டதும் எந்திரிச்சு, ஒரு வார்த்தை பேசாம, மொகத்த பாக்காம, கதவுக்கு அந்தப்பக்கம் போயி அரை நிமிசம் நில்லுங்க. திரும்பி வந்து கைக்கு பதிலா கடிக்கறதுக்குன்னு ஒரு பொருள குடுத்து வெளையாடுங்க. மறுக்கா கடிச்சா மறுக்கா எந்திரிச்சு போயிருங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவ எந்திரிச்சாலும் சலிச்சுக்காதீங்க. நீங்க கத்தறதும் பேப்பர தட்டறதும் அதுக்கு கூத்து, நம்மகூட வெளையாட வந்துட்டாங்கன்னுதான் நெனைக்கும். சிலபேரு ஆவ்னு கத்தச் சொல்லுவாங்க, சில குட்டிக்கு அது கேக்கும், சிலது அந்த சத்தத்துல இன்னும் கிறுக்காயிரும். உங்களது ரெண்டாவது ரகம்னு தோணுது.

மொத கொஞ்ச நாளு கடி எச்சாத்தான் ஆகும். இத்தன நாளா கடிச்சா ஆளு வந்தாங்களே இப்ப ஏன் வரலைன்னு அழுத்திப் பாக்கும். அங்கதான் முக்காவாசிப் பேரு இது சரிப்படாதுன்னு உட்டுர்றாங்க.

அந்த ஆறு மணிக் கூத்துக்கு காரணம் தூக்கம் பத்தாததுதான். இந்த வயசுல குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம், அதுக்கு மேலயும் தூங்கோணும். பையன் ஸ்கூல்ல இருந்து வர்றான், டிவி ஓடுது, ஆளுக வர்றாங்க போறாங்க, எங்கிட்டு தூங்கறது? தூக்கங்கெட்ட கொழந்தை அழுவும், தூக்கங்கெட்ட குட்டி கடிக்கும். நாலரை மணிவாக்குல ஒரு ரூம்ல உட்டு இருட்டாக்கி தூங்க வெச்சுருங்க. எங்க வூட்டுல கேட்டெல்லாம் வாங்கல, பழைய கயித்துக் கட்டில சாச்சு ரூம் வாசல்ல குறுக்க வெச்சுட்டோம், அந்தப்பக்கம் அது, இந்தப்பக்கம் நாங்க.

ஊத்துக்குளி நர்ஸக்கா

நாய் பழக்கறத பத்தி எனக்கு தெரியாது கண்ணு, ஆனா பையனுக்கு ரத்தம் வந்துச்சுன்னு எழுதிப்போட்டு கடைசில மஞ்சத்தூள்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இத எழுதறேன். வளக்கற குட்டின்னாலும் பல்லு பட்டு ரத்தம் வந்தா அது நாய்க்கடிதான். ரேபிஸ், அதாவது வெறிநோய் ஊசி குட்டிக்கு மூணு மாசத்துலதான் போடுவாங்க, உங்களுது இன்னும் போடல. தோட்டத்துல அது தாய்க்கு ஊசி போட்ருந்தாங்களா, எந்த நாய் வந்துட்டுப் போச்சுன்னு யாருக்கு தெரியும்?

கடிச்ச எடத்த சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவோணும், பைப்ப தொறந்து உட்டு கடியாரத்த பாத்து. மஞ்சளு, சுண்ணாம்பு, காப்பித்தூளு எதுவும் வெக்கப்படாது, கட்டும் கட்டப்படாது. இப்ப நேரமாச்சுன்னு உட்டுறாதீங்க, இப்பவாச்சும் கழுவிப்போட்டு இன்னிக்கே ஆரம்ப சுகாதார நெலையத்துக்கு கூட்டிட்டு போங்க, ஊசி இலவசந்தான். தொப்புள சுத்தி போடற காலமெல்லாம் மலையேறிப்போச்சு, இப்ப கைலதான். இன்னிக்கு ஒன்னு, அப்பறம் இன்னிக்கு இருந்து 3, 7, 28 நாளு கழிச்சு. ரத்தம் வந்துருக்கறதால காயத்த சுத்தி இம்யூனோகுளோபுலின்னு கிருமிய அங்கயே அடக்கற மருந்து போடோணும்பாங்க, அது அங்க இல்லைன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க, அலைச்சல் பாக்காம போங்க. குட்டிக்கு ஏதாச்சும் ஆவுதான்னு பத்து நாளு பாத்துட்டு அப்பறம் போட்டுக்கலாம்னு ஒக்காந்துறாதீங்க. ஊசிய ஆரம்பிச்சுட்டு பத்து நாளு பாருங்க. ரேபிஸ் வந்துருச்சுன்னா அதுக்கு வைத்தியம் கெடையாது, அவ்வளவுதான் சொல்லுவேன்.

குட்டிக்கும் நாள் தள்ளாம போட்டுருங்க. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தப்ப கால்நடை ஆஸ்பத்திரில இலவசமா போடுவாங்கதான், அதுக்குன்னு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

காங்கயம் பட்டிக்காரர்

அம்மிணி, எங்கப்பாரு காலத்துல இருந்து ஆட்டுப்பட்டிக்கு நாய் வளக்கறோம். கதவுக்கு அந்தப்பக்கம் போயி நில்லு, கட்டில குறுக்க வெய்யுன்னு எவனும் சொன்னதில்ல. மூக்கு மேல சுண்டி ஒன்னு, கேக்கலைன்னா மல்லாக்க போட்டு கொரவளைய புடிச்சு ஒரு அமுக்கு, நாந்தான் பெரியவன்னு காட்டிப்போட்டா அப்பறம் ஜென்மத்துக்கும் கடிக்காது. இப்ப அல்லாரும் நாய கொழந்தைங்கறீங்க.

அன்னூர் ராக்கோழி

அண்ணா கோவிச்சுக்காதீங்க, இந்த மல்லாக்க போட்டு அமுக்கற கதை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தரு, அடைச்சு வெச்ச ஓநாய்க சண்டை போடறத பாத்து எழுதுனாரு, அதுல இருந்துதான் நாய்க்கு மனுசன் தலைவனா இருக்கோணும்ங்கறதெல்லாம் வந்துச்சு. காட்டுல போயி வருசக்கணக்கா ஓநாய பாத்த டேவிட் மெக்குங்கறவரு 1999ல, அட அது அப்பா அம்மா குட்டின்னு ஒரு குடும்பம், தலைவனுக்கு சண்டையெல்லாம் இல்லைன்னு எழுதிட்டாரு. காட்டு ஓநாய்க்கே அது இல்லைன்னா ஆசாரத்துல கெடக்கற லேப் குட்டிக்கு எதுக்குங்க?

அதவிட எனக்கு படற விசயம் வேற. மூக்குல சுண்டுனா கை மொகத்துக்கிட்ட வந்தாலே அடிதான்னு அது கத்துக்கும். நாளைக்கு அந்த யூகேஜி பையன் தடவிக்குடுக்க கை நீட்டுவான், அப்ப ஒன்னு மெரண்டு ஓடும், இல்லாட்டி அவன் கைய கடிக்கும். உறுமுனதுக்கும் அடிச்சீங்கன்னா உறுமறத உட்டுப்போட்டு நேரா கடிக்கப் பழகிரும், அது இன்னும் மோசம்.

இயன் டன்பார்னு ஒரு கால்நடை டாக்டரு நாய் பழக்கறதுல பேரு வாங்குனவரு, அவரு சொல்றது என்னன்னா குட்டி கடிக்கறத ஒரே நாள்ல ஒட்டுக்கா நிறுத்தப் பாக்காதீங்க, மொதல்ல அழுத்தத்த கொறைங்க, அப்பறம் தடவைய கொறைங்க. பின்னால என்னிக்காச்சும் வாலு கதவுல நசுங்கி வலில கடிச்சாக்கூட பல்லு எறங்காம நிக்கும், ஏன்னா வாய அடக்கி வெக்கறது எப்புடின்னு குட்டிலயே பழகியிருக்கும்.

திருப்பூர் கட்டிங்மாஸ்டர்

கடிக்கறதுக்கு என்ன குடுக்கறதுன்னு யாருமே சொல்லலியே. எங்கூர்ல பஞ்சமே இல்லாதது பனியன் வேஸ்ட்டு. கை அகலத்துக்கு மூணு பட்டையா கிழிச்சு நல்லா இறுக்கி சடை பின்னி ரெண்டு முனையும் முடிச்சு போட்டுருங்க, ஒரு மொழத்துக்கு எச்சாவே இருக்கட்டும், அப்பத்தான் அது ஒரு முனை நீங்க ஒரு முனைன்னு புடிச்சாலும் பல்லு கைக்கு வராது. உங்க அத்தை சீமாத்துகூட பண்ற வெளையாட்ட இதுல பண்ணிக்கட்டும். காட்டன் துணியா பாத்து எடுங்க, ரிப்பு எலாஸ்டிக்கு வேண்டாம், நூலு நூலா பிரிய ஆரம்பிச்சா அன்னிக்கே தூக்கி வீசிருங்க. நூல முழுங்கிட்டா கொடல்ல சுருட்டிக்கும், ஆபரேசன் வரைக்கும் போயிரும்.

ஈறு ரொம்ப நமநமங்கறப்ப சென்னிமலை துண்ட நனைச்சு முறுக்கி பிரீசர்ல வெச்சு குடுங்க, இந்த சித்திரை வெய்யிலுக்கு அதுவே எடம் தேடி வந்து படுத்துட்டு மெல்லும். மெல்லறப்ப கூட ஒக்காந்துக்கோங்க. வேக வெச்ச கோழி எலும்பு மட்டும் குடுத்துறாதீங்க, குச்சி குச்சியா ஒடஞ்சு தொண்டைல குத்தும்.

கோபி மருமகள்

எல்லாத்துக்கும் நன்றிங்க. நர்ஸக்கா, அன்னிக்கே பையன கூட்டிட்டு போயி மொத ஊசியும் காயத்த சுத்தி போடறதும் போட்டாச்சு, அட்டை குடுத்துருக்காங்க, அடுத்த தேதியெல்லாம் காலண்டர்ல குறிச்சுட்டேன். பத்து நாளும் தாண்டிருச்சு, குட்டி நல்லா கொழுக்கு மொழுக்குனு இருக்குது.

மத்தியானம் தூங்க வெக்கறது நல்லா கேக்குதுங்க, பொழுதோட ஓட்டம் பாதிக்கு கொறஞ்சுருச்சு. எந்திரிச்சு போறதுதான் எனக்கும் அத்தைக்கும் வருது, வூட்டுக்காரரு வந்தாருன்னா ஷூவ கழட்டறதுக்கு முன்னாடியே தரைல உருண்டு கைய வாயில குடுத்து வெளையாடறாரு. நாங்க நாள் பூரா சொல்லிக் குடுத்தது ராத்திரி ஒரு மணி நேரத்துல போயிருது.

இன்னும் ரெண்டு கேள்விங்க. மேல தாவறது அப்புடியேதான் இருக்குது, அடுத்த வாரம் நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் வர்றாங்க. அப்பறம் சோறு திங்கறப்ப கிட்டப்போனா லேசா உறுமுது, இது புதுசு.

காங்கயம் பட்டிக்காரர்

மொதல்ல உங்க வூட்டுக்காரர மல்லாக்க போட்டு அமுக்கோணும் அம்மிணி.

தாவறதுக்கு நான் சொல்றேன், இதுக்கு அடி வேண்டாம், அந்த அன்னூர் பையன் சண்டைக்கு வர வேண்டாம். நாய் தாவறது நம்ம மொகத்த மோந்து பாக்கறதுக்கு. நீங்க கைல தள்ளி உட்டா அதுவும் தொட்டதாச்சு, பேசுனதாச்சு, அதுக்கு லாபந்தான். பட்டிக்குள்ள தீவனக் கூடையோட போறப்ப குட்டிக தாவுச்சுன்னா நாங்க முதுக காட்டி அப்புடியே நின்னுக்குவோம், நாலு காலும் மண்ணுல இருந்தாத்தான் திரும்பிப் பாக்கறதே. ஒக்காந்துச்சுன்னா அந்த நிமிசம் குனிஞ்சு நெத்திய தடவி ஒரு வாய் குடுக்கறது. நீங்க குனியாம நிமுந்து நின்னு தடவுனா எட்டிப் புடிக்க மறுக்கா தாவும், அதையும் பாத்துக்கோங்க.

நோம்பிக்கு வர்ற கூட்டத்துக்கு இதெல்லாம் சொல்லிப் புரிய வெக்க முடியாது. ஒருத்தரு பரவால்ல தாவட்டும்பாங்க, ஒருத்தரு சேலை போச்சேம்பாங்க. ஒறம்பரை வண்டிய உட்டு எறங்கறதுக்கு முன்னாடி கழுத்துல கயித்த போட்டு தாவாரத்துல தூரமா கட்டிருங்க, அல்லாரும் ஒக்காந்து காப்பி குடிச்சு முடிச்ச பொறகு கயித்தோடவே கூட்டிட்டு வாங்க, மோந்து பாத்து அதுக்கே சலிச்சுப்போயிரும். மூணு வேளையும் புதுசு புதுசா ஆளு வருவாங்க, நடுவுல தூங்க உட்டுருங்க. கறி எலும்பு போடறேன்னு பெருசுக கெளம்பும், அத தடுக்கறது உங்க பொறுப்பு.

பொள்ளாச்சி ரெண்டுநாய்க்காரன்

உறுமறதுக்கு திட்டாதீங்க, தட்ட புடுங்கிப் பாக்கற வேலையும் வேண்டாம். சில பேரு பழக்கறேன்னு திங்கறப்ப தட்டுக்குள்ள கைய உட்டு கலக்குவாங்க, அதனாலயே நாய் உறுமப் பழகிக்கும், வூட்டுக்காரரு அப்புடி ஏதாச்சும் பண்றாரான்னு விசாரிங்க. அது உறுமாத தூரத்துல நின்னுக்கிட்டு அது சோத்த உட நல்லதா ஒரு துண்டு, முட்டையோ கறியோ, தட்டுக்கிட்ட வீசிப்போட்டு நடந்து போயிருங்க. தெனமும் அப்புடியே. ஆளு வந்தா சோறு போகாது, எச்சாத்தான் வரும்னு அதுக்கு படோணும், அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போலாம். பையன மட்டும் அது திங்கற நேரத்துல அந்தப்பக்கமே உடாதீங்க. ஒடம்பு வெறச்சுப்போயி, கண்ண சாச்சு வெள்ளை தெரிய பாத்து, பல்ல காட்டி உறுமுதுன்னா அது வெளையாட்டுக் கடி கணக்குல சேராது, நாங்க இங்க எழுதறத நம்பிட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டிருங்க. உங்களுக்கு நாமக்கல் கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி போற தூரந்தான், காலைல நேரத்துலயே போயிருங்க, கூட்டம் இருக்கும்.

ரெண்டாவது ஊசி போட்டாச்சுங்களா? அது முடியற வரைக்கும் வெளிய மத்த நாய்க சுத்தற எடத்துல தரைல எறக்கி உடாதீங்க, பார்வோன்னு ரத்தமா வயித்தால போற நோவு வந்தா குட்டி தாங்காது. ஆனா தூக்கிட்டுப்போயி பஸ்ஸு, கூட்டம், ஆடு மாடெல்லாம் பாக்க உடுங்க, இந்த வயசுல பாத்ததுக்கு பின்னால பயப்படாது.

கோபி மருமகள்

வெள்ளிக்கிழமை போடறமுங்க. தட்டுல கை உட்டது ஆருன்னு கேட்டேன், வூட்டுக்காரரு பேச்ச மாத்திட்டு வெளிய போயிட்டாரு.