இரண்டாம் ஆண்டிலேயே தேங்கும் திராட்சைக் கன்றுகள்: அடித்தண்டில் கரும்புள்ளி

கேள்வி: ஹெக்ஸ்ரிவர்கொடி
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டி டோர்ன்ஸ் பக்கம் போன ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், ராம்சி என்ற வேர்ச்செடி ரகத்தில் கட்டிய திராட்சை ஒட்டுக்கன்றுகள் நட்டோம். இந்த செப்டம்பரில் பத்துக்கு இரண்டு துளிர்க்கத் தாமதம். கணுவிடை குறுகி, இலை சிறுத்து வெளிறுகிறது. டிசம்பர் வெயிலில் சில வாடியே விட்டன. ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டைக் குறுக்கே வெட்டினால் வளையமாகக் கரும்புள்ளிகள், அவற்றில் தார் மாதிரிக் கசிவு. செம்பு மருந்து அடித்தும் பலனில்லை. வேரில் எதை ஊற்றலாம்? பக்கத்துச் செடிக்குப் பரவுமா?

பார்ல்நாற்று
இது பெட்ரி நோய். ஃபியோமோனியெல்லா கிளாமிடோஸ்போரா, ஃபியோஅக்ரிமோனியம் பூஞ்சாணங்கள் கட்டைக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைக்கின்றன. இலையில் அடிக்கும் மருந்து அங்கே போகாது. ஊற்றுவதற்கும் மருந்து இல்லை. பெரும்பாலும் தாய்க்கொடியின் குச்சியிலேயே வருகிறது. நாற்றுப்பண்ணையில் குச்சிகளை ஊறவைக்கும் தொட்டி ஒரே நாளில் மற்றக் குச்சிகளுக்கும் ஏற்றிவிடும்.

வேர் வழியாகப் பக்கத்துச் செடிக்குத் தாவும் என்று பயப்படவேண்டாம். மழையில் பறக்கும் வித்துகள் கவாத்துக் காயத்தில் நுழைவதுதான் ஆபத்து. உலர்ந்த நாளில் கவாத்து செய்து, அன்றே காயத்தில் டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைப் பூசுங்கள். தப்பிய கன்றுகளில் இந்த ஆண்டு குலை விடாதீர்கள். காய்ச்சுமை, தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற நெருக்கடி வந்தால் உள்ளே அடங்கியிருக்கும் நோய் வெளியே தெரியும்.

வேர்நோய்
கருங்கால் நோயும் சேர்ந்திருக்கலாம், அதையும் பாருங்கள். அடித்தண்டின் கீழ்முனைப் பட்டையைச் சீவினால் குழிந்த கருப்புத் தழும்பு, கட்டையில் கீழிருந்து மேலேறும் கரும்பழுப்பு, மண்மட்டத்துக்கு அருகே புதிதாக இரண்டாம் அடுக்கு வேர் என்றால் அதுதான். நாற்றங்கால் மண்ணிலிருந்து வருவது. தண்ணீர் தேங்கும் இடத்திலும், குழி ஆழமில்லாமல் வேர் மேல்நோக்கி மடங்கிய கன்றிலும் மோசமாகும். உறுதிப்படுத்த, செத்ததை அல்ல, பாதி வாடிய கன்றை வேரோடு செய்தித்தாளில் சுற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள்.

ஹெக்ஸ்ரிவர்கொடி
நன்றி. மாற்றுக் கன்றுக்கு வெந்நீர் நேர்த்தி (நோய் போக வெந்நீரில் முக்குவது) நாற்றுப்பண்ணையில் கேட்டேன். கன்று செத்துவிடும் என்கிறார்கள்.

பார்ல்நாற்று
முறையாகச் செய்தால் சாகாது. 50 டிகிரி செல்சியஸ் நீரில் 30 நிமிடம். பிடுங்கிய, முழு உறக்கத்தில் உள்ள கன்றுக்கு மட்டும். மொட்டு வீங்கியிருந்தால் கருகும். தொட்டியில் கட்டுகளை நெருக்கி அடைத்தால் நடுவுக்குச் சூடு சரியாகப் போகாது. அப்போது வெளிக்கன்று வெந்து, நடுக்கன்றுக்கு நோய் அப்படியே நிற்கும். அதனால் வெப்பமானி கட்டின் நடுவில் இருக்கவேண்டும். அது 50-ஐத் தொட்ட பிறகுதான் நேரக்கணக்கு. எடுத்தவுடன் சுத்தமான குளிர்நீரில் முக்கி, நீர் வடித்து, 2 முதல் 4 டிகிரி குளிர்கிடங்கில் வைக்கவேண்டும். சூட்டோடு பிளாஸ்டிக்கில் கட்டிவைத்த கன்றுதான் அதிகம் சாகிறது.

இந்த நேர்த்தி பெட்ரி, கருங்கால் இரண்டையும் வெகுவாகக் குறைக்கும், ஆனால் நட்டபின் மண்ணிலிருந்து தொற்றுவதைத் தடுக்காது. பழைய குழியின் வேரை முழுதும் பொறுக்கி எடுத்து, மேட்டுப்பாத்தியில் நடுங்கள். கன்று வாங்கும்போது கட்டுக்கு ஒன்றாவது அடியில் வெட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.