பொருள்: ‘ஸ்க்ரிம்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடந்த இசை நாடகங்களின் மேடை வடிவமைப்பாளர் ஜோ மெல்சீனரைப் (1901–1976) பற்றி எங்கள் நாடகத்துறை மாணவர்களுக்காக நினைவுக் கட்டுரை எழுதுகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது, ‘ஸ்க்ரிம்’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். மெல்லிய வலைத்துணி அது. முன்னாலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால் அதில் தீட்டிய ஓவியம் மட்டும் தெரியும், சுவர் போலவே இருக்கும். முன்விளக்கைக் குறைத்துப் பின்னால் நிற்பவர்கள்மேல் ஒளி போட்டால் சுவர் கரைந்து ஆட்கள் தெரிவார்கள். 1949-இல் ‘சவுத் பசிபிக்’ என்ற இசை நாடகத்தில் ஒரு காட்சி மங்கும்போதே அடுத்தது தொடங்கிவிடும், திரைப்படம் போல. ஒளி ஊடுருவும் துணிகளை வைத்துத்தான் அதைச் செய்தார். ‘ஒளிபுகுதிரை’ சரியா?

> ஒளிபுகுதிரை சரியா?

சரியில்லை அம்மா. ஒளி எப்போதும் புகுந்தால் அவருடைய வித்தையே இல்லை. மறைத்து, பிறகு காட்ட வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் (மறைந்து வரும்) எழினி என்று மூன்று மேடைத் திரைகள் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? ‘கரந்துவரல்’ என்றே போடுங்கள்.

> கரந்துவரல் என்றே போடுங்கள்

ஐயா, சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அதை மேற்கட்டுத் திரை என்கிறார், வானில் இயங்குவோராகத் தோன்றுவோருக்கு. நெசவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நெசவுதான் வேண்டுமென்றால் பொருநராற்றுப்படைக்குப் போகலாம்: ‘நோக்கு நுழைகல்லா நுண்மைய... அரவுரி அன்ன அறுவை’. இழை போகும் வழி கண்ணுக்குப் பிடிபடாத துணி, பாம்புச் சட்டை போல. ‘உரித்திரை’ என்று சுருக்கலாம். அதே அரங்கேற்று காதையில் ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்றும் வருகிறதே, தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று. மெல்சீனரும் தன் காட்சியமைப்புக்குத் தானே ஒளியமைத்தவர். துணியையும் விளக்கையும் ஒரே ஆள் யோசித்ததால்தான் அவர் மேடை அப்படி இருந்தது என்பது என் எண்ணம்.

உரித்திரை என்றால் எந்த மாணவனுக்குப் புரியும்? நான் மேடையில் விளக்குப் போடுகிறவன். கடையில் போய் ‘சல்லாத்துணி’ என்றால் எடுத்துக் கொடுக்கிறார்கள். ‘சல்லாத்திரை’ போதும்.

சல்லா தமிழா என்பதே ஐயம். கல்லூரி மலரில் அச்சானால் அதுவே நிலைத்துவிடும்.

ஏன் தமிழில்லை? சல்லடையில் இருக்கும் ‘சல்’தான் இதிலும் என்று நினைக்கிறேன். துளையுள்ளது, சலிப்பது. சலங்கை, சல்லரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நாளை விரிவாக எழுதுகிறேன்.

சலங்கை ஒலிக்குறிப்பு ஐயா, அதை இதில் சேர்க்க முடியாது.

எல்லோருக்கும் நன்றி. இதுவரை சல்லாத்திரைக்கு நான்கு பேர், கரந்துவரலுக்கு ஒருவர், உரித்திரைக்கு ஒருவர். சல்லாத்திரை என்றே அனுப்புகிறேன், முதல் இடத்தில் மட்டும் ஸ்க்ரிம் என்றும் சேர்த்து.

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்காக உருமறைப்பு வேலை செய்தவர் மெல்சீனர். மறைந்திருந்து வெளிப்படுவது அவருக்குத் தொழில். சல்லா என்பது துணியின் பெயர், அந்தத் துணி மேடையில் செய்யும் வேலை அதில் இல்லை. அடுத்த பதிப்பிலாவது கரந்துவரலைப் பாருங்கள்.